மூக்கு நுனியில் சிங்கத்து வால்

என் வலது கண்ணுக்கு ஆபத்து என்று எனக்கு முதலில் சொன்னது கண் இல்லை. சீப்பு.

ஒரு நாள் காலையில் தலை வாரினேன். வலது பக்கம் சீப்பு பட்டதும் சுள்ளென்றது. நெருப்புக்குச்சியைக் கிழித்து மயிர்க்காலில் வைத்த மாதிரி. கண்ணாடியில் பார்த்தேன். புண் இல்லை, வீக்கம் இல்லை, சிவப்புக்கூட இல்லை. எழுபது வயதில் இவ்வளவு முடி எவனுக்கு இருக்கிறது என்று கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டுவிட்டு மறுபடி வாரினேன். மறுபடி சுள்.

"சீப்பு சரியில்ல," என்றேன் மனைவியிடம். "எவன் வாங்கினான் இத?"

"நீங்கதான். போன வாரம் ஹட்டன்ல."

"அப்ப எண்ணெய் சரியில்ல."

"அதையும் நீங்கதான் வாங்கினீங்க," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என் கண்ணைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். பெருமைக்காக இல்லை. சரி, பெருமையும் உண்டு. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வரமாட்டார், மீதி நாள் நான் போகமாட்டேன். தோட்டத்தில் தேயிலைச் செடி கழித்துக் கவ்வாத்து வெட்டினேன், அடுத்தவன் லொறியில் கொழுந்துச் சாக்கு ஏற்றினேன், பிறகு என் லொறியில் அடுத்தவனை ஏற்றச் சொன்னேன். இன்றைக்கு மஸ்கெலியாப் பக்கம் சின்னச் சின்னத் தேயிலைக்காணிக்காரர்களிடம் பச்சைக் கொழுந்து வாங்கி பேக்டரிக்குக் கொடுக்கிறவர்களில் என்னைத் தெரியாது என்று ஒருத்தன் சொன்னால், அவன் நேற்றுத்தான் குடி வந்திருக்க வேண்டும். இதெல்லாம் எதனால் வந்தது? கண்ணால். சாக்கை அவிழ்த்து ஒரு பார்வை போதும். முத்தல் இலை எவ்வளவு, மேலே இளங்கொழுந்தைப் பரப்பி அடியில் எதை ஒளித்திருக்கிறான், இன்று பறித்ததா நேற்றுப் பறித்துத் தண்ணீர் தெளித்ததா, எல்லாம் சொல்லிவிடுவேன். பேக்டரியில் படித்த பையன்கள் ஒரு பிடி அள்ளி மேசையில் இலை இலையாகப் பிரித்து வைத்து அரை மணி நேரம் பார்ப்பார்கள். கடைசியில் நான் சொன்னதில்தான் வந்து நிற்பார்கள். சர்டிபிகேட் அவர்களுக்கு, கண் எனக்கு.

அந்தக் கண்தான் போகப் பார்த்தது. அதைச் சீப்பு வந்து சொன்னது. நான் சீப்பு பேச்சைக் கேட்கிற ஆளா?

இரண்டாம் நாள் கம்பளிக் குல்லாய் போட முடியவில்லை. கம்பளி பட்டாலே தோல் உரிகிற மாதிரி இருந்தது. தலையணையில் வலது பக்கம் சாய முடியவில்லை. வெளிச்சம் வலது கண்ணில் மட்டும் ஊசி மாதிரி இறங்கியது. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் ஆள் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறேன். வெளியில் ஒன்றுமே தெரியாத வலியைச் சொன்னால் யார் நம்புவார்கள்? மனைவி பித்தம் என்றாள். என் லொறியை ஓட்டுவது அவள் தம்பி. அறுபதைத் தொடப் போகிறான், எனக்கு இன்னும் சின்ன மச்சான்தான். அவன், "பனி காதுக்குள்ள பூந்திருக்கும் அத்தான், பஞ்சு வைங்க," என்றான். வைத்தேன். வலியோடு சேர்ந்து காதும் கேட்காமல் போனதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் காலையில் கொப்பளம் வந்துவிட்டது. வலது நெற்றி முழுக்க, புருவம் வரை, கொத்துக் கொத்தாக. நட்ட நடு நெற்றியில் வந்து டக்கென்று நின்றுவிட்டது. சர்வேயர் கயிறு பிடித்து எல்லைக்கல் போட்ட மாதிரி இடது பக்கம் ஒன்றுகூட இல்லை. பக்கத்துக் கடைக்காரர், சிங்கள மனிதர், எட்டிப் பார்த்துவிட்டு, "மக்குளுவா, மக்குளுவா," என்றார். சிலந்தி முகத்தில் ஊர்ந்து ஒன்றுக்குப் போயிருக்கிறதாம். இருக்கலாம். ரொம்ப ஒழுக்கமான சிலந்தி. நடுக்கோட்டைத் தாண்டி ஒரு சொட்டு விடவில்லை.

மனைவி பார்த்ததும் சொன்னாள், "அக்கி. எழுதிட்டாப் போயிரும்."

அக்கிக்கு எழுதுவது எங்கள் ஆட்களிடம் பாட்டன் காலத்துப் பழக்கம். காவிக்கல்லை இழைத்து, கொப்பளத்தின் மேல் சிங்கமோ நாயோ வரைந்துவிடுவார்கள். மிருகத்தைப் பார்த்துப் பயந்து அக்கி ஓடிவிடும். மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது, கருவாடு ஆகாது, எண்ணெய் ஆகாது. பக்கத்துத் தோட்டத்தில் எழுதுகிற ஆள் ஒருத்தர் இருந்தார். மச்சானை அனுப்பினேன்.

அவர் வருவதற்கு முன்னால் என் சம்பந்தி வந்துவிட்டார். என் மகனைக் கட்டியிருக்கிற பெண்ணின் அம்மா. தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் மருத்துவச்சியாக இருந்தவர். இந்த வட்டாரத்தில் பாதிப் பேரைப் பிறந்ததும் தலைகீழாகப் பிடித்து முதல் அடி போட்டது அந்த அம்மாதான். அந்த உரிமையில் மீதி அடிகளை இன்றுவரை வாயால் போட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் பிள்ளைகளின் கல்யாணத்தில் நான் போட்ட சாப்பாட்டை ஊரே பாராட்டியபோது, சாம்பாரில் உப்பில்லை என்று சொன்ன ஒரே ஆள். அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் மரியாதை அதிகம், பேச்சுவார்த்தை குறைவு.

"சம்பந்தி, இங்கிட்டுத் திரும்புங்க," என்றார். நெற்றியைக் காட்டினேன். நெற்றியை அவர் பார்க்கவே இல்லை. தன் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு என் மூக்கையே பார்த்தார்.

"மூக்கு நுனியில என்னா?"

"மூக்கு நுனியில மூக்குதான்."

"ஒரு கொப்பளம் இருக்கு."

"பரு."

"எழுவது வயசுல பருவா? என்னா சம்பந்தி, மறுபடியும் வயசுக்கு வர்றீங்களா?"

என் மனைவி சிரித்தாள். நாற்பத்தைந்து வருஷமாக நான் சொன்ன எந்தக் கதைக்கும் அப்படிச் சிரித்ததில்லை.

"சிரிக்காதீங்க அண்ணி," என்றார் அந்த அம்மா. "நெத்தியில வந்தா வேதனை, அவ்வளவுதான். மூக்கு நுனிக்கு வந்தா அடுத்தது கண்ணுக்குள்ள. நான் ஆஸ்பத்திரில இருந்தப்ப இதே மாதிரி ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தரு சொன்ன அன்னைக்கே கண் டாக்டர்கிட்டப் போயி தப்பிச்சாரு. இன்னொருத்தரு உங்கள மாதிரி. அவருக்கு ஒரு கண்ணு இல்ல. இன்னைக்கே கண் டாக்டர்கிட்டப் போங்க."

"மூக்குல புண்ணுன்னா கண் டாக்டரா? அப்ப கால்ல முள்ளுக் குத்தினா பல் டாக்டர்கிட்டயா போறது?"

"போங்க. அங்கயாவது உங்க வாயத் தொறந்து பாத்து ஏதாவது செய்வாங்க."

அதற்குள் எழுதுகிறவர் வந்துவிட்டார். சிரட்டையில் காவி, காதில் சொருகின குச்சி. "சிங்கம் எழுதுறேன் ஐயா. சிங்கத்தப் பாத்தா அக்கி நிக்காது," என்றார். நெற்றியில் ஈரமாக ஊர்ந்தது. எரிந்தது. சம்பந்தி டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பாதியில் கண்ணாடி வாங்கிப் பார்த்தேன்.

"என்னப்பா, பூன மாதிரி இருக்கு?"

"நெத்தி சின்னது ஐயா."

"யாரு நெத்தி சின்னது?"

"சிங்கத்துக்குச் சின்னதுன்னு சொன்னேன். வால எங்கிட்டு விடட்டும்?"

இந்த இடத்தில்தான் நான் என் வாழ்க்கையின் பெரிய கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். சம்பந்தியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே சொன்னேன், "மூக்கு வழியா இறக்கு. நுனி வரைக்கும். வால் குஞ்சம் சரியா அந்தக் கொப்பளத்து மேல உக்காரணும். சில பேருக்கு வேற எங்கயும் பார்வ போக மாட்டேங்குது."

இழுத்துவிட்டார். குஞ்சம் அழகாக உட்கார்ந்தது. சம்பந்தி டீக் கிளாஸை வைத்தார். "கண்ணுக்குள்ள காவி போகாமப் பாத்து எழுதுங்க தம்பி," என்று அந்த ஆளிடம் மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் நின்று திரும்பி, "மூடி வச்சா இல்லன்னு ஆயிராது சம்பந்தி," என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் சிங்கத்தோடு கொழுந்து மடுவத்துக்குப் போனேன். மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. சாக்கோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி பொத்தவில்லை. "ஐயா, பெரஹரா ஊர்வலத்துக்கா போறீங்க? யானை எங்க?" என்றாள். சிரிக்கட்டும். நெற்றியில் சிங்கம் இருக்கிறவன் எதற்குப் பயப்பட வேண்டும்? நாட்டுக் கொடியிலும்தான் ஒரு சிங்கம் கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு எங்கள் தோட்டத்து லயன் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றி எவ்வளவு கவலையோ, என் நெற்றிச் சிங்கத்துக்கும் என் கண்ணைப் பற்றி அவ்வளவு கவலைதான் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

இமை வீங்கிவிட்டது. வலது கண் சிவந்து தண்ணீராக ஊற்றியது. துடைக்கவும் முடியாது, காவி அழியும். சாக்குகளைப் பார்த்தேன். பச்சை தெரிந்தது. பச்சைக்குள் பச்சை தெரியவில்லை. இளசும் முத்தலும் ஒரே களியாகத் தெரிந்தது. "சரி, ஏத்து," என்றேன். நான் பார்த்து ஏற்றியதில் இரண்டு சாக்கைப் பேக்டரியிலிருந்து அன்றைக்கே திருப்பி அனுப்பினார்கள். அங்கே இலை பார்க்கிற பையன் போன் எடுத்தான்.

"ஐயா, இன்னைக்கு நீங்க வரலையா?"

"ஏன்?"

"இல்ல, வேற யாரோ பாத்த மாதிரி இருந்துச்சு."

முப்பது வருஷத்தில் எனக்கு ஒரு சாக்கு திரும்பி வந்ததில்லை. மச்சானைத் திட்டினேன், கொண்டுவந்தவனைத் திட்டினேன், மழையைத் திட்டினேன். அன்றைக்கு மழையே இல்லை.

சிங்கம் எழுதி மூன்று நாள் முடிந்த மறு காலை, லொறியில் நீர்த்தேக்கத்து ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு எரிச்சலாக வந்தது.

"மெல்லப் போ. மிஸ்ட்ல இப்பிடியா ஓட்டுவ?"

"எங்க மிஸ்ட், அத்தான்?"

"லைட்டப் போடு முதல்ல. முன்னால வர்றவனுக்கு எப்பிடித் தெரியும்?"

மச்சான் லைட்டைப் போடவில்லை. லொறியை ஓரமாக நிறுத்திவிட்டான். மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். "அத்தான், வெயில் அடிக்குது. மல உச்சி வரைக்கும் தெரியுது. தண்ணியில பளபளன்னு கண்ணு கூசுது. மிஸ்ட் இல்ல."

இடது கண்ணைக் கையால் பொத்தினேன். மலை இல்லை. தண்ணீர் இல்லை. வெள்ளையாக ஏதோ ஒன்று அசையாமல் நின்றது. கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினேன். மலை வந்தது, தண்ணீர் வந்தது, மச்சானின் பயந்த முகமும் வந்தது.

இப்படி ஒரு தப்பு எங்கள் பக்கத்து ஆளால்தான் செய்ய முடியும். வெயில் ஊர்க்காரன் என்றால் கண் மங்கிய அன்றைக்கே கத்தியிருப்பான். நான் பனிமூட்டத்தில் பிறந்து பனிமூட்டத்தில் வேலை செய்தவன். முன்னால் ஒன்றும் தெரியாவிட்டால் அது மலையின் குற்றம், கொஞ்ச நேரத்தில் விலகிவிடும். இரண்டு நாளாக என் கண்ணுக்குள் இறங்கியிருந்ததை நான் வானிலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பயம் வந்தது. இதைப் பெருமையாகச் சொல்ல வழி இல்லை.

"வண்டியத் திருப்பு," என்றேன்.

"வீட்டுக்கா?"

"சம்பந்தி வீட்டுக்கு."

அவர் 'சொன்னேனே' என்று சொல்லுவார், பதிலுக்கு என்ன சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் சொல்லவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டார். உள்ளே தண்ணீர்ப் போத்தல், துவாய், பிஸ்கட், என் மனைவியிடம் வாங்கி வைத்திருந்த என் அடையாள அட்டைப் போட்டோ காப்பி.

"இது எப்ப எடுத்து வச்சது?"

"வால் எழுதுன அன்னைக்கு," என்றார். பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

ஹட்டன், தலவாக்கலை தாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வரிசையில் இருந்தவர்கள் என் சிங்கத்தைப் பார்த்து இடம் விட்டார்கள். மரியாதையா, தொற்றிவிடும் என்ற பயமா என்று கேட்கவில்லை. கண் டாக்டர் ஒரு சிங்களப் பெண், என் மகள் வயது இருக்கும். பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் முகத்தை நனைத்துத் துடைக்கச் சொன்னார். தாதி துடைத்தாள். முதலில் சிங்கத்தின் தலை போனது, பிறகு உடம்பு. கடைசியில் வாலை மூக்கு வழியாகத் துடைத்துக்கொண்டே வந்து குஞ்சத்தில் நின்றாள். அங்கே இப்போது ஒன்றில்லை, மூன்று கொப்பளம். டாக்டர் குனிந்து பார்த்து, இது எப்போது வந்தது என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி நல்ல சிங்களத்தில் நாளையும் நேரத்தையும் சொன்னார். வாலைப் பற்றியும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். எனக்குச் சின்ன வயதில் கொப்பளிப்பான் வந்ததா? வந்தது. லயத்துக் காம்பராவில் வேப்பிலை மேல் படுத்துக் கிடந்தேன், தண்ணீர் ஊற்றினார்கள், அம்மன் போய்விட்டாள் என்று பொங்கல் வைத்தார்கள். போகவே இல்லையாம். அந்தக் கிருமி நரம்புக்குள் படுத்துத் தூங்கிவிடுமாம். அறுபது வருஷம் கழித்து உடம்பு தளரும்போது எழுந்து நரம்பு வழியாகவே நடந்து வரும். தோலுக்கு வந்து சேருவதற்கு முன்னாலேயே நரம்பு வலிக்கும். சீப்பு சொன்னது அதைத்தான். நெற்றிக்குப் போகிற நரம்பில் ஒரு கிளை மூக்கு நுனிக்கு வருகிறது, அதே கிளை கண்ணுக்குள்ளும் போகிறது. அதனால் மூக்கு நுனியில் கொப்பளம் வந்தால் கண்ணுக்குள்ளும் ஆள் நுழைந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு. கொப்பளம் வராமலே கண்ணுக்குள் போவதும் உண்டு என்றார், எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

"கொப்பளம் வந்த மூணு நாளைக்குள்ள மாத்திரை தொடங்கினா நல்லா வேலை செய்யும்," என்றார் டாக்டர், தனக்குத் தெரிந்த தமிழில். "நீங்க அந்த மூணு நாளையும் சிங்கத்துக்குக் குடுத்திட்டீங்க."

என்னை இந்த மாதிரி யாரும் பேசியதில்லை. பேசினால் விட்டிருக்கமாட்டேன். தலையை ஆட்டினேன்.

கருவிழி கெட்டிருந்தது, உள்ளேயும் வீக்கம். பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். ஒரு நாளைக்கு ஐந்து தடவை மாத்திரை, வேளை தவறாமல் சொட்டு மருந்து, சொல்கிற நாளில் வந்து காட்ட வேண்டும். ஊருக்கு வந்ததும் அக்கி எழுதினவர் விசாரிக்க வந்தார். "தண்ணி பட்டிருச்சுல்ல ஐயா, அதான்," என்றார். தன் சிங்கத்தை விட்டுக்கொடுக்க அவருக்கும் மனம் இல்லை. நானாவது கண்ணைக் கொடுத்தேன், அவர் என்னத்தைக் கொடுத்தார்?

சில வாரம் போனது. கொப்பளம் காய்ந்தது, சிவப்புக் குறைந்தது. ஆனால் மடுவத்தில் பேச்சு வளர்ந்தது. ஐயாவுக்கு ஒரு கண் போச்சாம் என்று நோட்டன் பிரிட்ஜ் வரை போய்விட்டது. ஒருத்தன் சாக்கை என் வலது பக்கமாகக் கொண்டுவந்து வைத்தான். வேண்டுமென்றே வைத்தான். அன்றைக்கே முடிவு செய்தேன். அடுத்த தடவை கண் சரியாகிவிட்டது என்று டாக்டர் வாயால் சொல்ல வைத்து, அந்தச் சீட்டைக் கொண்டுவந்து மடுவத்துச் சுவரில் ஒட்டுவேன்.

ஆஸ்பத்திரியில் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்திருந்தது. எழுத்துப் பலகை நேராகத் தெரிந்தது. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னது. எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. எனக்கு அது லொறி நம்பர் பிளேட்டில் படித்த பாடம், ஒரு பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை. எழுதத் தெரியாத காலத்தில் எந்தச் சாக்கு எவனுடையது, எந்த மேட்டில் எவன் காத்திருப்பான் என்று எல்லாவற்றையும் மண்டையில் வைத்துப் பிழைத்தவன் நான். இடது கண்ணால் கடைசி வரி வரை பார்த்து, அரை மணி நேரத்தில் மேலிருந்து கீழாகப் பாடம் பண்ணிவிட்டேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். சம்பந்தியும் வந்தார். இடது கண்ணை மூடினார்கள். நான் ஒப்பித்தேன். தடங்கல் இல்லாமல், கோயில் திருவிழாவில் பிரசங்கம் பண்ணுகிறவன் மாதிரி, கடைசி வரி வரைக்கும்.

"ஹரி ஷோக்!" என்றார் டாக்டர். முகமெல்லாம் சிரிப்பு. சொட்டு மருந்தைக் குறைக்கலாம் என்று பேனாவை எடுத்தார்.

"டாக்டர்," என்றார் சம்பந்தி. "இவரு சொல்லும்போது முகம் போர்டப் பாக்கல, கூரையப் பாத்துச்சு. வேற போர்டு இருக்கா?"

இருந்தது. மாட்டினார்கள்.

முதல் எழுத்து பெரியது, சொன்னேன். இரண்டாவது வரியில் ஒன்று சொன்னேன், ஒன்றை ஊகித்தேன். அதுவும் தப்பு.

"மூணாவது வரி?" என்றார் டாக்டர்.

அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொய் சொல்ல எழுத்து ஒன்றும் கைவசம் இல்லை.

"மிஸ்ட்," என்றேன்.

டாக்டர் எழுதினதைக் கோடு போட்டு அடித்தார். இந்த நேரத்தில் மருந்தைக் குறைத்திருந்தால் உள்வீக்கம் திரும்ப ஏறி இருக்கிற பார்வையும் போயிருக்கலாம் என்றார். குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பி வரும்போது ஹட்டன் வரை சம்பந்தி ஒரு வார்த்தை பேசவில்லை. ஹட்டனில் தொடங்கினார். மஸ்கெலியா வந்தும் முடியவில்லை. நான் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. இதை அவரே இன்றுவரை எல்லாரிடமும் அதிசயமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சொட்டு மருந்து விட்டது மாதக் கணக்கில். குளிர் நாளில் வலது பக்கம் இன்னும் சுள்ளென்கிறது, அந்தப் பக்கம் சீப்புப் படாமல் கையாலேயே கோதிக்கொள்கிறேன். முடி மட்டும் அப்படியே இருக்கிறது. மடுவத்தில் சாக்கை இடது பக்கமாகத் தள்ளிவைக்கச் சொல்லிப் பார்க்கிறேன், மேலோட்டமாக இல்லை, கையைவிட்டுக் கிளறிப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு ஒரு சாக்கும் திரும்பி வந்ததில்லை. யாராவது தலை வாரினால் வலிக்கிறது என்றால் முதலில் அவர்கள் மூக்கைப் பார்க்கிறேன். கிழவனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறார்கள்.

போன தடவை காட்டப் போனபோது வலது கண்ணுக்குக் கடைசி வரி தெரியவில்லை. இனியும் தெரியாது என்றுதான் டாக்டர் சொன்னார். அதற்கு மேல் வரி தெரிந்தது, ஒவ்வொரு எழுத்தும். சும்மா சொல்லவில்லை. சம்பந்தி பக்கத்திலேயே நின்றார். போர்டை இரண்டு தடவை மாற்றித்தான் கேட்டார்கள்.